இரவு ஒரு மணிக்குப் பிறகு: தீவகத்தின் மின்சாரம் பற்றி ஒரு திறந்த மடல்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு கலப்பு மின் திட்டத்தைப் பொறுப்பேற்றிருக்கும் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையினருக்கும், அந்தத் தீவுகளின் மின் விநியோகத்தைக் கவனிக்கும் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்த ஒரு மின் தொழில்நுட்பவியலாளன். சோலார் பலகை, பற்றரி, ஜெனரேட்டர் என்று சின்னச் சின்ன அமைப்புகளைப் பூட்டுவதும் திருத்துவதும் இருபது வருடத்துக்கும் மேலாக என் தொழில். என் பெரியம்மாவின் பிள்ளைகள் நெடுந்தீவில் குடியிருக்கிறார்கள். அதனால் குறிகட்டுவான் இறங்குதுறையில் கருவிப் பெட்டியோடு படகுக்காகக் காத்து நின்ற நாட்கள் எனக்கு நிறைய உண்டு. கடல் கொந்தளித்தால் அன்று வேலை இல்லை. ஒரு சிறிய பியூஸ் கையில் இல்லாததற்காக மறுபடி ஒரு மணி நேரம் கடலில் வந்து, மறுநாள் திரும்பவும் ஒரு மணி நேரம் போயிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போகும் பல விஷயங்கள் அந்தக் கடல் வழியில் யோசித்தவை.

இந்தத் திட்டம் இங்கே வந்து சேர எவ்வளவு காலம் எடுத்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் தொடங்கியது. 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருடக் கடைசியில் அது நின்றுபோனது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் செய்வதாகப் புரிந்துணர்வு உடன்படிக்கை வந்தது. 2024 மார்ச் 1 அன்று ஓர் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பெரிய நாடுகளின் பெயர் அடிபட்ட காலமெல்லாம் பத்திரிகைகள் எங்கள் தீவுகளைப் பற்றி எழுதின. எழுதியதில் முக்கால்வாசி பாதுகாப்பு, செல்வாக்கு, யாருக்கு யார் எவ்வளவு கிட்டே என்ற பேச்சு. நெடுந்தீவில் ஒரு வீட்டுக்காரிக்கு இரவில் விசிறி சுற்றுமா என்று கேட்டவர் மிகக் குறைவு. நான் அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

மூன்று தீவுகளுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட அளவுகள் இவை: சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட், பற்றரியில் 2,400 கிலோவாட் மணி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். நல்ல அளவுகள். குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்களும் என்னோடு சேர்ந்து பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கிலோவாட் சோலார், சராசரியாக ஒரு நாளைக்கு நாலு அலகு (ஓர் அலகு என்றால் ஒரு கிலோவாட் மணி) தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 1,700 கிலோவாட்டுக்கு 6,800 அலகு. பற்றரி 2,400 அலகு பிடிக்கும், ஆனால் அதன் ஆயுளைக் காக்க அடிவரை வற்றவிடக்கூடாது. எண்பது வீதம் பாவித்தால் 1,920 அலகு கையில் இருக்கும். மூன்று தீவிலும் சேர்த்து இரவுப் பாவனை 300 கிலோவாட் என்று ஒரு பேச்சுக்கு எடுத்தால், பின்னேரம் ஆறரை மணிக்கு நிறைந்திருக்கும் பற்றரி இரவு ஒரு மணிக்கு முடிந்துவிடும். சூரியன் திரும்பி வர இன்னும் ஐந்தரை மணி நேரம்.

அந்த ஐந்தரை மணி நேரத்தைத்தான் நான் இந்தக் கடிதத்தின் தலைப்பில் வைத்திருக்கிறேன். பகல் பன்னிரண்டு மணிக்குச் சோலார் வேலை செய்வதைப் படம் பிடித்துப் போடுவது சுலபம். இந்தத் திட்டம் எங்களுக்கு உதவியதா என்று இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டியது காற்று. காற்றைப் பற்றி எங்கள் கடற்றொழிலாளர்களிடம் கேளுங்கள். வைகாசி தொடங்கிச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். புரட்டாதி வரை விடாது. அந்த மாதங்களில் 530 கிலோவாட் காற்றாலைகள் இரவிலும் சுற்றும், பற்றரிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும், டீசலைத் தொடவே தேவையில்லாத இரவுகள் வரும். கார்த்திகை, மார்கழியில் மழை மூட்டம். சோலார் பாதிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. ஆனால் அப்போது வாடைக்காற்று இருக்கும். வெயில் குறையும் மாதத்தில் காற்று வந்து ஈடுகட்டுவது எங்கள் தீவுகளுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். கலப்பு மின் திட்டம் இங்கே பொருந்துவதற்கு முதல் காரணமும் அதுதான்.

பங்குனி, சித்திரையில் காற்று செத்துவிடும். வெயில் கொளுத்தும், சோலார் நன்றாகத் தரும், ஆனால் அந்தப் புழுக்கத்தில் இரவு முழுக்க எல்லா வீட்டிலும் விசிறி ஓடும். அதைவிடக் கஷ்டமானவை சோளகம் ஓய்ந்து வாடை பிடிக்காத புரட்டாதிக் கடைசி, ஐப்பசித் தொடக்க நாட்கள். காற்றும் இல்லை, வானமும் தெளிவில்லை. உங்கள் கணினி மாதிரிகள் வருடச் சராசரியைக் காட்டும். தயவுசெய்து அந்த இரண்டு மூன்று வாரங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். வருடத்துக்குப் போதும் என்று கணக்குச் சொல்லும் அமைப்பு ஐப்பசியில் ஒரு வாரம் தொடர்ந்து கையை விரித்தால், தீவுச் சனத்துக்கு அந்த வாரம்தான் ஞாபகத்தில் நிற்கும்.

அப்போது டீசல் ஓடத்தான் வேண்டும். டீசலை முற்றாக ஒழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதைச் சரியாக ஓட்டச் சொல்லிக் கேட்கிறேன். ஒரு பெரிய ஜெனரேட்டரை அதன் கொள்ளளவில் முப்பது வீதத்துக்கும் கீழே நாள் கணக்கில் ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தத் தொழிலில் உள்ள எவரும் கண்ணால் கண்டிருப்பார். எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்பாய், பசையாய்ப் படியும். எஞ்சின் கெடும். ஓர் அலகுக்குச் செலவாகும் டீசலும் கூடும். நல்ல சுமையில் ஓடும் எஞ்சின் ஒரு லீட்டரில் மூன்று, மூன்றரை அலகு தரும். பாதிச் சுமைக்கும் கீழே அது இறங்கிக்கொண்டே போகும். சோலாரும் காற்றும் சேர்ந்த பிறகு ஜெனரேட்டருக்கு மிஞ்சுவது குறைந்த சுமைதான். அதாவது, பழைய பெரிய எஞ்சினைப் பழையபடியே பின்னால் சும்மா உறுமவிட்டால், சோலாரில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே புகையாகப் போய்விடும்.

இதற்கு வழி தெரிந்ததுதான். ஒவ்வொரு தீவிலும் பெரிய எஞ்சினோடு ஒரு சிறியதும் இருக்கட்டும். பற்றரி இறங்கினால் சிறியதை எடுத்து, அதை எழுபது எண்பது வீதத்தில் நன்றாக ஓட்டி, மிஞ்சியதைப் பற்றரியில் ஏற்றிவிட்டு, முற்றாக நிறுத்திவிடலாம். இரவு முழுக்கக் குறைச் சுமையில் ஓட்டுவதைவிட இரண்டு மணி நேரம் நல்ல சுமையில் ஓட்டுவது மேல். ஆனால் ஜெனரேட்டரை முற்றாக நிறுத்துவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அங்கேதான் நம்பகத்தன்மையின் உயிர் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொறியியலாளர்களுக்கு இது அரிச்சுவடி. தீவில் இதை வாசிக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஜெனரேட்டர் என்பது சுற்றும் இரும்பு. அந்தச் சுற்றுக்கு ஒரு சடத்துவம் உண்டு. திடீரென்று சுமை கூடினால், அல்லது ஒரு லைன் அறுந்தால், அந்த இரும்பு உடனே நின்றுவிடாது. தன் வேகத்தால் சில விநாடி தாக்குப்பிடிக்கும். மீடிறன், அதாவது மின் அலை ஒரு விநாடியில் ஏறி இறங்கும் தடவை, 50 இலிருந்து சடாரென்று விழாது. சோலார் மின்சாரத்தை வீட்டில் பாவிக்கும் மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டரில் அந்தச் சுற்றும் இரும்பு இல்லை. பெரும்பாலான இன்வேர்ட்டர்கள் ஏற்கனவே இருக்கும் மின் அலையைப் பார்த்து, அதன் பின்னால் போகிறவை. முன்னால் யாரும் இல்லையென்றால் அவை நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் இருண்டதை எல்லோரும் அனுபவித்தோம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏறிய குரங்கு பற்றித்தான் நாடே பேசியது. குரங்கு தொடக்கிவைத்தது உண்மை. ஆனால் அன்று வெயில் நன்றாக எறித்தது, ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, உற்பத்தியில் பெரும் பங்கு சோலாரிலிருந்து வந்துகொண்டிருந்தது, சுற்றும் இரும்பு குறைவாக இருந்தது. அதனால்தான் ஓரிடத்து அதிர்ச்சியை நாட்டின் கட்டமைப்பு முழுவதாலும் தாங்க முடியவில்லை. நுரைச்சோலை அனல் மின்நிலையமும் நின்றுபோய், அதன் பிறகும் சில நாட்கள் மின்வெட்டு.

நாட்டுக்கே அப்படி என்றால் ஒரு தீவின் சின்ன வலையமைப்புக்கு எப்படி இருக்கும்? அங்கே ஒரு ஐஸ் ஆலையின் மோட்டார் தொடங்கினாலே மீடிறன் ஆடும். சோலார் மேல் ஒரு கரிய மேகம் வந்து நின்றால் அரை நிமிடத்தில் பாதி உற்பத்தி போய்விடும். ஆகவே பற்றரியோடு இருக்கும் இன்வேர்ட்டர் தானே முன்னின்று அலையை உருவாக்கும் வகையாக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடாத நேரத்திலும் வோல்ட்டளவையும் மீடிறனையும் அதுவே பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்த வகை இன்று சந்தையில் இருக்கிறது. அமெரிக்க சமோவாவின் தாவு என்ற தீவில் 2016 இல் 1.4 மெகாவாட் சோலாரும் 6 மெகாவாட் மணி பற்றரியும் வைத்து, அறுநூறு பேர் அளவில் வாழும் அந்தத் தீவை டீசல் இல்லாமல் ஓட்டத் தொடங்கினார்கள். நம் மூன்று தீவுகளின் பற்றரியை எல்லாம் சேர்த்தால் அதில் பாதிகூட இல்லை. ஆகவே தாவு மாதிரி மூன்று நாள் வெயில் இல்லாமல் தாங்க எங்களால் முடியாது. ஆனால் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு அமைதியாக ஓட அது தேவையில்லை. அலையைப் பிடிக்கும் இன்வேர்ட்டர் போதும். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது. பொறுப்பெடுக்கும் நாளில், ஊர்ச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, ஜெனரேட்டரை நிறுத்துங்கள். ஒரு பெரிய மோட்டாரைத் தொடங்குங்கள். ஒரு லைனைப் பிரித்துவிடுங்கள். விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று பலருக்குத் தப்பிவிடும். லைன் அறுந்து நிலத்தில் விழுந்தால் ஜெனரேட்டர் பெரிய ஓட்டத்தை அனுப்பும், அதில் பியூஸ் உருகும், பிரேக்கர் விழும். இன்வேர்ட்டர் தன் கொள்ளளவைவிடக் கொஞ்சம்தான் கூட அனுப்பும். பழைய பியூஸ் அதில் உருகாது. டீசலை நிறுத்திய இரவில் பனையோலை விழுந்து லைன் அறுந்தால், அது கரண்ட் உள்ளபடியே தெருவில் கிடக்கலாம். மாடு அலையும் ஊர், பிள்ளைகள் விடியவே எழும்பி நடக்கும் ஊர். பாதுகாப்புக் கருவிகளை இன்வேர்ட்டர் மட்டும் ஓடும் நிலைமைக்கும் சேர்த்துக் கணக்கிட்டுப் பூட்டியிருக்கிறார்களா என்று தயவுசெய்து ஒவ்வொரு தீவிலும் சோதித்துப் பாருங்கள். இது செலவுக் கணக்குப் பார்க்கும் இடமில்லை.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடத்துக்கு முன் ஒரு சின்னத் தீவில் ஒரு பொதுக் கட்டடத்துக்குச் சோலார் அமைப்பு ஒன்று வந்தது. நல்ல மனத்தோடு கொடுக்கப்பட்ட பொருள். பூட்டியவர்களில் நானும் ஒருவன். திறப்பு விழா நடந்தது, பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். ஈய அமிலப் பற்றரிக்கு மாதம் ஒருமுறை வடித்த நீர் பார்த்து விட வேண்டும். யார் விடுவது என்று எங்கும் எழுதப்படவில்லை. இரண்டாம் வருடம் இன்வேர்ட்டரில் ஒரு சுற்றுப்பலகை போனது. அதை எடுப்பிக்கக் காசு யாருடைய கணக்கில் இருந்து வருவது என்று தெரியாமல் மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தில் பற்றரிகள் வற்றி, செத்து, தட்டு வெளுத்துப் போயின. நான் போய்த் திறந்து பார்த்த அன்று, பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டு வந்து வைத்தார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் பூட்டிய பொருள். பூட்டியபோது பராமரிப்பைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கும் கதை இல்லை. பீகாரில் தர்ணை என்ற கிராமத்தில் 2014 இல் 100 கிலோவாட் சோலார் வலையமைப்பு தொடங்கியபோது முன்னாள் முதலமைச்சர் ஒருவரே வந்து போனார். சில வருடத்தில் பற்றரிகள் தேய்ந்தன, மலிவான அரச மின்சாரமும் ஊருக்கு வந்தது, சோலார் கைவிடப்பட்டது. கருவி வாங்கக் காசு கிடைக்கும், இரண்டாவது பற்றரி வாங்கக் காசு கிடைக்காது. சின்ன வலையமைப்புகள் உலகம் முழுக்க இந்த இடத்தில்தான் சாகின்றன.

ஆகவே நன்கொடையாக வந்த கருவிக்கு, வந்த நாளிலிருந்தே ஒரு மாற்றீட்டு நிதி தொடங்குங்கள். லித்தியம் பற்றரி நன்றாகப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் வரும். எங்கள் சூட்டில் அறை குளிராக இல்லாவிட்டால் அதற்கு முன்பே போகும். மாற்றும் நாள் வரும் என்று இன்றைக்கே தெரியும். நாடு முழுவதும் ஒரே மின் கட்டணம் என்பதால், தீவில் எரியும் டீசலின் செலவு தீவுச் சனத்தின் பில்லில் மட்டும் விழுவதில்லை, எல்லோர் தலையிலும் பரவுகிறது. அப்படியென்றால் தீவில் மிச்சமாகும் ஒவ்வொரு லீட்டரும் நாட்டுக்கே மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். பற்றரிக்கு என்று பெயர் எழுதிப் போடுங்கள். வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி போடுங்கள்.

ஆள் விஷயம் அடுத்தது. 2022 ஐ நினைத்துப் பாருங்கள். நாடே டீசலுக்கு வரிசையில் நின்றது. டீசல் இல்லாமல் படகும் இல்லை, லைட்டும் இல்லை என்ற நிலையில் ஒரு தீவு எவ்வளவு தனித்துவிடும் என்று அப்போது பார்த்தோம். தீவில் பழுது வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ, இன்னும் தூரத்திலிருந்தோ ஆள் வர வேண்டும் என்ற ஏற்பாடு கடல் சீற்றத்தில் நிற்காது. ஒவ்வொரு தீவிலிருந்தும் நாலு இளைஞர், இளம்பெண்களை எடுங்கள். நிறுவனம் பூட்டும்போதே பக்கத்தில் நின்று கேபிள் இழுக்கட்டும், இறுக்கட்டும், திருகாணி எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்று கையால் பழகட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் இந்த வலையமைப்புகளைத் தங்கள் ஆய்வுகூடமாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், உதிரிப்பாகங்கள். இன்வேர்ட்டர் சுற்றுப்பலகை, தொடுப்பான்கள், பியூஸ், மின்னல் தடுப்பான், காற்றாலையின் தேயும் பாகங்கள், எல்லாம் அந்தந்தத் தீவிலேயே பூட்டிய அலுமாரியில், பதிவேட்டோடு இருக்க வேண்டும். ஒரு பாகம் எடுத்தால் ஒரு மாதத்துக்குள் திரும்ப வைக்க வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, ஒரு கொப்பியும் பொறுப்பான ஒருவரும் போதும்.

எழுவைதீவில் சோலாரும் காற்றும் பற்றரியும் டீசலும் சேர்ந்த சின்னக் கலப்பு அமைப்பு ஏற்கனவே இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு முன்னோடியாகச் செய்தது. அதில் என்ன தாங்கியது, என்ன உப்பில் அரித்தது, எந்தப் பாகம் அடிக்கடி போனது என்பதை அங்கே நின்று ஓட்டியவர்கள் அறிவார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். வெளிநாட்டு அறிக்கை எதுவும் அதற்கு ஈடாகாது.

உப்பு என்றவுடன் ஒரு சிறு விஷயம். சோலார் பலகையைக் கழுவ வேண்டும். உப்பும் தூசியும் பறவை எச்சமும் படிந்தால் உற்பத்தி இறங்கும். ஆனால் நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எவ்வளவு அருமை என்று அங்கே ஒரு கோடை இருந்தவருக்குத்தான் தெரியும். சாராப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு பலகை கழுவினால் சனம் மனம் வருந்தும், வருந்துவதும் நியாயம். பலகையின் சரிவிலேயே பீலி வைத்து மாரி மழையைப் பிடித்து ஒரு தொட்டியில் சேர்த்தால் கோடையில் கழுவ அதுவே போதும். பலகை ஏற்கனவே கூரை மாதிரித்தான் நிற்கிறது. பீலியும் தொட்டியும்தான் இல்லை. சட்டங்களின் முலாமும் பெட்டிகளின் மூடியும் கடற்காற்றுக்கு ஏற்றவையா என்றும் பாருங்கள். கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்த அமைப்பு கூட நாலு வருடத்தில் துருப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புயலும் அப்படித்தான். 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது வடக்கு எப்படி நின்றது என்று தெரியும். காற்றாலை நல்ல காற்றில் ஓடும், புயல் காற்றில் தன்னைக் காப்பாற்ற நின்றுவிடும். மேகத்தில் சோலாரும் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டவுடனே டீசலை ஓட்டிப் பற்றரியை முழுதாக நிரப்பி வைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் தொடர்பாடல் கோபுரத்துக்கும் போகும் லைனைத் தனியாகப் பிரித்துக் காக்க வேண்டும் என்று ஓட்டும் விதியில் எழுதி, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தமிழில் ஒட்டிவிடுங்கள்.

பாவனைப் பக்கத்தைப் பற்றியும் பேசவேண்டும், ஏனென்றால் பற்றரியைப் பெரிதாக்குவதைவிட மலிவான வழி அங்கே இருக்கிறது. பகலில் வந்த 100 அலகைப் பற்றரியில் ஏற்றி இரவில் எடுத்தால், வழியில் பத்துப் பதினைந்து அலகு சூடாகப் போய்விடும். பகலிலேயே பாவித்தால் அது மிச்சம். தீவில் பகலுக்குத் தள்ளக்கூடிய வேலை என்ன இருக்கிறது? ஐஸ். நண்டும் மீனும் பிடித்துவரும் கடற்றொழிலாளர்கள் ஐஸுக்கு அலைகிறார்கள், பெட்டியில் ஐஸ் இல்லாவிட்டால் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டி வருகிறது. பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் ஓடும் ஐஸ் ஆலை ஒன்றைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தினால், அந்த ஐஸே ஒரு பற்றரி. வெயிலை ஐஸாகச் சேமித்து வைத்திருக்கிறோம். உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களும் அப்படியே. உச்சி வெயிலில் ஓட்டித் தொட்டியை நிரப்பினால், இரவில் அவற்றுக்குக் கரண்ட் தேவையில்லை. தோட்டக் கிணற்றுப் பம்புகளும் அப்படித்தான்.

2025 சித்திரைப் புதுவருட விடுமுறையில், பாவனை குறைவாக இருக்கும் என்பதால் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி நாடு முழுவதும் கேட்டார்கள். மின்சாரம் இருந்தும் பாவிக்க இடமில்லாமல் நிறுத்தும் நிலை தீவில் இன்னும் வேகமாக வரும். ஐஸும் தண்ணீரும் அந்த மிச்சத்தைக் குடிக்கும். பகலில் இந்த வேலைகளுக்குக் குறைந்த கட்டணம் ஒன்று தீவுகளுக்கு அனுமதித்தால் மீதியைச் சனமே பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்கொட்லாந்தின் எய்க் என்ற சின்னத் தீவைப் பற்றி நான் அடிக்கடி பேசுவேன், என் மகளுக்கு அந்தப் பெயர் மனப்பாடம். நூறு பேர் அளவில் வாழும் தீவு. 2008 இல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்துத் தங்கள் சொந்த வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று தாங்களே ஒரு வரம்பு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் வரும்போது பொது மண்டபம் போன்ற இடங்களில் வெப்பமூட்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கும், இல்லாத நேரத்தில் சனம் தங்கள் பாவனையைக் குறைப்பார்கள். ஓட்டுவதும் திருத்துவதும் பெரும்பாலும் தீவுக்காரர்களே. அவர்களுக்குக் குளிர், எங்களுக்கு வெயில், அதுதான் வித்தியாசம். எங்கள் வீடுகளுக்கு 5 கிலோவாட் தேவையே இல்லை. ஆனால் தங்கள் மின்சாரம் இன்று எவ்வளவு இருக்கிறது என்று ஒரு ஊருக்கே தெரிந்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நயினாதீவுக்கு இது இன்னும் முக்கியம். நாகபூஷணி அம்மன் கோவில் ஆனித் திருவிழாவில் தீவின் சனத்தொகையைப் போலப் பல மடங்கு அடியார்கள் வருவார்கள். நாகதீப விகாரைக்கும் தெற்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வருடம் முழுதும் சின்னச் சுமை, சில நாட்கள் மட்டும் மலை மாதிரிச் சுமை. அலஸ்காவின் கொடியாக் தீவில் துறைமுகத்துக்குப் பெரிய மின் பாரந்தூக்கி ஒன்று வந்தபோது, அது எழுப்பும் திடீர்ச் சுமையைத் தாங்க அங்கே சுழலும் சக்கரங்களில் சக்தி சேமிக்கும் கருவி வைத்தார்கள். நயினாதீவுக்கு அவ்வளவு தேவையில்லை. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே கோவில் நிருவாகத்தோடு உட்கார்ந்து, எந்த விளக்கு எத்தனை மணிக்கு, எந்த ஒலிபெருக்கி எவ்வளவு என்று எழுதி வைத்தால் போதும். சோளகம் அடிக்கும் மாதம் என்பதால் காற்றும் துணையிருக்கும்.

ஒரு பலகை வையுங்கள். குறிகட்டுவானிலும் ஒவ்வொரு தீவின் இறங்குதுறையிலும், படகுக்காகக் காத்திருக்கிறவர்கள் வாசிக்கும்படி. நேற்று சூரியனிலிருந்து எத்தனை அலகு, காற்றிலிருந்து எத்தனை, டீசல் எத்தனை லீட்டர், மின்தடை எத்தனை நிமிடம், பற்றரி இரவில் எவ்வளவுக்கு இறங்கியது. ஐந்து எண்கள். எல்லாமே உங்கள் கட்டுப்பாட்டுக் கணினியில் இருக்கும் எண்கள். டீசல் எண் மெல்ல மெல்ல ஏறினால் ஏதோ ஒரு பாகம் தேய்கிறது என்று மூன்று மாதத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். நான் சொன்ன அந்தப் பொதுக் கட்டடத்தில் இப்படி ஒரு எண்ணை யாராவது சுவரில் எழுதியிருந்தால், பற்றரி வற்றுவதை யாரோ ஒருவர் கண்டிருப்பார்.

உங்களிடம் நான் கேட்கும் பதில் பெரிதில்லை. மாற்றீட்டு நிதிக் கணக்கு திறக்கப்படும் தேதி, ஒவ்வொரு தீவிலிருந்தும் பயிற்சிக்கு எடுக்கப்படுவோரின் எண்ணிக்கை, ஜெனரேட்டரை நிறுத்திச் சோதிக்கும் நாள், இந்த மூன்றையும் பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். சோதனை நாளை ஐப்பசியில், காற்றில்லாத ஓர் இரவுக்கு வையுங்கள். நான் என் கருவிப் பெட்டியோடு முதல் படகில் வந்து, இரவு ஒரு மணி வரை உங்களோடு இருப்பேன்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
தீவகத்தைச் சேர்ந்த ஒரு மின் தொழில்நுட்பவியலாளன்